நெடுவழிக்கு ஓர் ஆற்றுப்படை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவை ஒட்டி, உறுப்பினர்கள் சிலர் இலக்கியத்திற்குப் புறத்தே தாம் பழகிய ஒரு துறையைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயற்குழு பணித்தது. நான் பழகிய துறை நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம். அதை இன்று பேசுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் வட்டத்தின் இளங்கவிஞர் ஒருவர், பிரான்சு நாட்டில் பாரீசுப் பகுதியிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெஸ்ட் நகர் வரை சென்று மீளும் 1,200 கிலோமீட்டர் பயணத்தை மேற்கொள்ள விரும்புகிறார். ஒரே நாளில் 80 கிலோமீட்டருக்கு மேல் அவர் இதுவரை சென்றதில்லை. எப்படி ஆயத்தம் செய்வது என்று என்னைக் கேட்டார். அவருக்குத் தனியே சொல்ல வேண்டியதை, அவர் அனுமதியுடன், இந்த அவையில் சொல்கிறேன்.

இத்தகைய பேச்சு தமிழுக்குப் புதிதன்று. பரிசில் பெற்று மீண்ட கலைஞன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்கு வழி சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றை வள்ளல்களின் புகழ் நூல்களாகவே நாம் பெரிதும் படித்துப் பழகியிருக்கிறோம். நெடுவழி செல்பவனின் கண்கொண்டு படித்தால் வேறொரு பயன் தென்படும். எந்நிலத்தில் எம்மக்கள் எவ்வுணவு தருவார்கள் என்று சிறுபாணாற்றுப்படை நிலம் நிலமாகச் சொல்கிறது. மலைபடுகடாமோ, பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், தினைக்காவலரின் கவண்கல், கால் வழுக்கும் பாறை என ஒவ்வோர் இடரையும் எண்ணி எச்சரிக்கிறது. எங்கே உண்பது, எங்கே தங்குவது, எங்கே வழுக்கும், எப்போது நிற்பது: வழிகாட்டுபவன் சொல்ல வேண்டியவை இந்த நான்கே. நானும் அந்த நான்கையே சொல்ல முயல்கிறேன். பிரெஸ்ட் வழியை நான் மிதித்தவன் அல்லன். அதற்குத் தகுதி பெறுவதற்குரிய 600 கிலோமீட்டர் வரையிலான பயணங்களைப் பன்முறை முடித்தவன். ஆகவே என் ஆற்றுப்படை புறப்படும் நாள் வரைக்குமே உரியது.

முதலில் அந்தப் பயணத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891ஆம் ஆண்டு பியேர் ழிஃபார் என்னும் பத்திரிகையாளர், தாம் பணிபுரிந்த நாளிதழின் சார்பில் இதை ஒரு போட்டியாக நடத்தினார். மிதிவண்டி நெடுவழிக்குத் தாங்குமா, மனிதன் தாங்குவானா என்பதே அன்றைய வினா. ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி நேரத்திற்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு, உறங்காமலே முதலில் வந்தார். அவர் வண்டியில் இருந்தவை அக்காலத்தில் புதுமையான காற்றடைத்த டயர்கள். பின்னர் பத்தாண்டுக்கு ஒருமுறை போட்டி நடந்தது. 1931 முதல், போட்டியாளர் அல்லாத பயணிகளுக்கென ஒரு பிரிவைப் பாரீசில் உள்ள ஒரு மிதிவண்டிக் கழகம் ஏற்படுத்தியது. தொழில்முறைப் போட்டி 1951உடன் நின்றுபோயிற்று, பயணம் நிற்கவில்லை. 1975 முதல் அது நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெற்று வருகிறது. 2023ஆம் ஆண்டுப் பயணத்தில் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் சென்றனர். இந்தியரும் அவர்களுள் இருந்தனர்.

இன்றைய விதிகள் எளியவை. மிகக் கூடுதலான கால எல்லை 90 மணி. உறக்கமும் உணவும் பஞ்சர் ஒட்டுவதும் அதற்குள் அடங்கும். குறித்த சோதனைச் சாவடிகளைக் குறித்த நேரத்திற்குள் கடக்க வேண்டும். துணை வண்டி வைத்திருப்பவரும் சாவடிகளில் மட்டுமே உதவி பெறலாம். முதல்வர், இரண்டாமவர் என்ற வரிசை கிடையாது. குறித்த காலத்தில் முடித்தவர் யாவரும் முடித்தவரே. வழியில் பெரிய மலை ஏதுமில்லை. மிக உயர்ந்த இடமும் 400 மீட்டருக்குக் குறைவே. ஆனால் ஓயாமல் ஏறி இறங்கும் சிறு மேடுகள். அவற்றின் ஏற்றங்களைக் கூட்டினால் 11,000 மீட்டருக்கு மேல் வரும். எவரெஸ்டின் உயரத்தைக் காட்டிலும் அது மிகுதி.

தம்பி, இனி உங்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பயணத்திற்கு வேண்டிய முதற்பண்பு வலிமை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்களிடம் வலிமை இருக்கிறது. அதுவே என் கவலை. முதல் நாள் காலையில் உடல் புத்துணர்வோடு இருக்கும். முன்னே செல்லும் கூட்டத்தின் விரைவு உங்களை இழுக்கும். அப்போது உங்களால் இயன்றதை விடக் குறைவாகச் செல்லும் பயிற்சியே நெடுவழிக்கான ஆயத்தம். இந்த உரையில் நான் சொல்லப்போகும் மற்றவை யாவும் இந்த ஒன்றின் விரிவே.

இதைக் கணக்கால் விளக்கலாம். 1,200 கிலோமீட்டரை மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் மிதித்தால் 60 மணி ஆகும். மற்றவற்றுக்கு 30 மணி எஞ்சும். உடலை வருத்தி 21 கிலோமீட்டர் விரைவில் சென்றால் மிச்சமாவது ஏறத்தாழ 3 மணி. வழியில் பதினைந்து இடங்களில் நிற்கிறீர்கள் என்று கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் 12 நிமிடம் வீணாக்காமல் புறப்பட்டால் அதே 3 மணி கிடைத்துவிடும். முன்னதற்கு மூன்று நாளும் கால்கள் விலை கொடுக்க வேண்டும். பின்னதற்கு, சாவடிக்குள் நுழையுமுன்பே செய்ய வேண்டியவற்றை வரிசையாக நினைத்துக்கொண்டால் போதும்: அட்டையில் முத்திரை, தண்ணீர், உணவு, கழிப்பிடம், புறப்பாடு.

பயிற்சியை எங்கே தொடங்குவது? வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம், ஞாயிறன்று ஒரு நீண்ட பயணம். நீண்ட பயணத்தின் தொலைவை வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் கூட்டிச் செல்லுங்கள். நான்காம் வாரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் மூட்டுகளும் மெல்லவே பழகும். முழங்கால் வலியால் பயிற்சியைக் கைவிட்டவர்களுள் நான் அறிந்த பலர் இந்த வேறுபாட்டைப் பொறுக்க மாட்டாதவர்களே.

அதன்பின் தகுதித் தொடர். பயண ஆண்டிலேயே 200 கிலோமீட்டரை 13.5 மணியிலும், 300ஐ 20 மணியிலும், 400ஐ 27 மணியிலும், 600ஐ 40 மணியிலும் முடித்திருக்க வேண்டும். சென்னை, கோவை போன்ற நகரங்களில் உள்ள கழகங்கள் இப்பயணங்களை நடத்துகின்றன. இவற்றை வெறும் எண்களின் ஏறுவரிசையாக நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு பாடம். 200 உங்கள் இருக்கையைச் சோதிக்கும். 300 உங்கள் வயிற்றைச் சோதிக்கும். 400இல் முதன்முறையாக முழு இரவையும் சாலையில் காண்பீர்கள். 600இல், சிறிது உறங்கி எழுந்து, வலிக்கும் உடலோடு மீண்டும் வண்டியில் ஏறும் விடியலைக் காண்பீர்கள். அந்த விடியலில் ஏறி அமர்ந்து அரைமணி மிதித்த பிறகு உடல் இளகுவதை அறிந்தவருக்கே, பிரான்சின் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அச்சமூட்டாதவையாகும்.

இருக்கை என்றேன். வண்டி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் உடலுக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். சீட்டில் அமர்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும்போது கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்தால் முழங்காலின் முன்புறம் வலிக்கும். உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடித் தோல் உராயும். மென்மை மிகுந்த சீட் முதல் ஒரு மணி நேரத்திற்கு இனிது. பத்தாம் மணியில் அதுவே பகை. கைகளின் நிலையை அடிக்கடி மாற்றுங்கள். உள்ளங்கையின் வெளிப்புறத்தே ஓடும் நரம்பு நெடுநேரம் அழுந்தினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். சிலருக்குப் பல வாரங்கள் நீடிக்கும். எழுதுகோல் பிடிக்கும் கைக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

பஞ்சர் ஒட்டவும், டியூப் மாற்றவும், அறுந்த செயினை இணைக்கவும் பழகுங்கள். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, தலைவிளக்கின் ஒளியில் மட்டும் பழகுங்கள். சாலையில் பகலில்தான் டியூப் பழுதாகும் என்ற உறுதி யாருக்கும் இல்லை. பயிற்சியில் பழகாத எந்தப் பொருளையும், அது புதிய காலணியாயினும் புதிய சீட்டாயினும், நெடுவழிக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

உணவுக்கு வருகிறேன். கல்லீரலிலும் தசையிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். சில மணி நேரத்து மிதிப்பிலேயே அது தீரும் நிலைக்கு வந்துவிடும். கொழுப்பு நிறைய இருக்கிறது. ஆனால் அது மெல்ல எரிவது. மாவுச்சத்துத் தீர்ந்தவருக்குக் கால் மட்டும் தளர்வதில்லை; அறிவும் தளர்கிறது. காரணமற்ற துயரமும் சினமும் வரும். அந்த நேரத்தில் வாழ்க்கையைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஒரு வாழைப்பழம் உண்டு கால்மணி பொறுங்கள். மணிக்கொரு முறை சிறிதளவு உண்பதைப் பயிற்சியிலேயே வழக்கமாக்குங்கள். நம் நாட்டில் இட்லி, தயிர்ச்சோறு, எலுமிச்சைச் சோறு, கடலைமிட்டாய், வாழைப்பழம் ஆகியவற்றைக் காட்டிலும் சிறந்த வழியுணவை நான் கண்டதில்லை. அங்கே ரொட்டியும் உருளைக்கிழங்கும் கிடைக்கும். அவற்றுக்கும் வயிற்றைப் பழக்குங்கள். இந்தப் பயணத்தின் பெயரையே தாங்கிய, சக்கர வடிவில் அமைந்த ஓர் இனிப்புப் பண்டமும் பிரான்சில் உண்டு. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் இடரே. குருதியில் உப்பின் அளவு குறைந்தால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். முற்றினால் உயிருக்கே ஊறாகும். தாகத்தை மதித்து, உப்பிட்ட மோரோ உப்புக் கரைத்த நீரோ சேர்த்துப் பருகுங்கள்.

இந்த இடத்தில் ஒருவரை நினைவுகூர வேண்டும். போல் த விவி என்பவர் 1853 முதல் 1930 வரை வாழ்ந்தவர். பிரான்சின் சேன் எத்தியேன் நகரில் ஒரு மிதிவண்டி இதழை நடத்தியவர். வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்படுபவர். பயண வண்டிக்குப் பல கியர்கள் வேண்டும் என்று அவர் வாதாடியபோது, அது முதியோருக்கும் தளர்ந்தோருக்குமே உரியது என்று எள்ளியவர்கள் இருந்தார்கள். இன்று கியர் இல்லாமல் நெடுவழி செல்பவர் அரியர். அவர் பயணிகளுக்கு வகுத்த நெறிகளின் கருத்தைச் சொல்கிறேன். பசிக்குமுன் உண்ணவேண்டும், தாகத்துக்குமுன் பருகவேண்டும், மீளாத களைப்பு வரும்வரை மிதிக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, வீம்புக்காக மிதிக்கவே கூடாது. ஓர் இதழாசிரியர் சொன்னதாலோ என்னவோ, இந்த நெறிகளுள் கடைசி நெறி எழுதுகின்ற நமக்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்து இரவு. மலைபடுகடாம் எச்சரிக்கும் வழுக்குப்பாறை நம் காலத்தில் உறக்கமே. மிகப் பலருக்கு நள்ளிரவு கடந்த இரண்டு மணிக்கும் விடியல் ஐந்து மணிக்கும் இடையே உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும். நம் நெடுஞ்சாலைகளில் அதே நேரத்தில் லாரி ஓட்டுபவரின் கண்ணும் அவ்வாறே சொருகும் என்பதை மறக்க வேண்டாம். வண்டி தன் நேர்கோட்டை விட்டு விலகுதல், கடந்த சில நிமிடப் பாதை நினைவில் இல்லாமை, சாலையோர மரங்கள் ஆள்போல் தோன்றுதல் ஆகியவை அடையாளங்கள். இவற்றுள் ஒன்று தோன்றிய உடனே நிற்க வேண்டும். அடுத்த ஊர் வரை, அடுத்த சாவடி வரை என்று தவணை கேட்கக் கூடாது. பேருந்து நிழற்குடையிலோ பெட்ரோல் நிலையத்து ஓரத்திலோ, சாலையை விட்டு விலகி, இருபது நிமிடம் உறங்குங்கள். அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் இழக்கும் தொலைவு ஏழு கிலோமீட்டருக்கும் குறைவு. தேநீரும் பாட்டும் உறக்கத்தைச் சற்றுத் தள்ளிவைக்கும், தீர்த்துவிடா. முன்னும் பின்னும் இரண்டிரண்டு விளக்குகளும், ஒளியைத் திருப்பும் மேலாடையும் இல்லாமல் இருட்டில் இறங்கவே வேண்டாம்.

குளிரையும் சொல்ல வேண்டும். பயணம் ஆகஸ்டு மாதத்தில் நடக்கிறது. கோடை என்ற சொல்லைக் கேட்டு நம்மவர் ஏமாறுவர். இரவில் வெப்பம் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. 2007ஆம் ஆண்டில் மழையும் காற்றும் வாட்டியதால் பெருந்தொகையினர் இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. கடலோரச் சமவெளியில் மட்டும் பயின்றவருக்கு இரண்டும் புதியவை. ஆகவே ஒரு குளிர்காலத்தில் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ, இரவின் பிற்பகுதியில், பாதுகாப்பான சாலையில் சில மணி நேரம் மிதித்து, எந்த உடை போதும், நனைந்த கையுறையால் பிரேக் பிடிக்க இயலுமா என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, நிற்றல். ஆயத்தத்தில் மிகக் கடினமானதும் மிகப் பலர் செய்யாமல் விடுவதும் இதுவே. எந்த நிலையில் பயணத்தைக் கைவிடுவேன் என்பதைப் புறப்படுமுன்பே, வீட்டில், தெளிந்த மனத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். நின்று உறங்கிய பிறகும் நேர்கோட்டில் செல்ல இயலாவிட்டால். மிதிக்கும் முறையையே மாற்றும்படி முழங்கால் வலித்தால். பருகிய நீர் வயிற்றில் தங்காவிட்டால். இருட்டில் விளக்குகள் கெட்டுச் சீர்செய்ய வழியில்லாவிட்டால். இந்த நான்கையாவது எழுதிக் கையொப்பம் இட்டு, வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு படி கொடுங்கள். ஏன் எழுத வேண்டும் என்றால், 900ஆம் கிலோமீட்டரில் அம்முடிவை எடுக்க வேண்டியவர் இன்று என் முன் அமர்ந்திருக்கும் நீங்கள் அல்லர். உறக்கம் இழந்த, பசித்த, இத்தனை தொலைவு வந்துவிட்டோமே என்று ஏங்குகிற வேறொருவர். அவர் கையில் உங்கள் உயிர் இருக்கிறது. அவருக்கு நீங்கள் இப்போதே எழுதி அனுப்பும் மடல் அந்தத் தாள்.

இடையில் நிறுத்தியவரை இத்துறையில் உள்ளோர் இகழ்வதில்லை. நான்காண்டு கழித்து மீண்டும் வந்து முடித்தோர் பலர். இறந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. விழா மேடையில் இச்சொல்லை ஆள்வதற்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். ஆற்றுப்படையில் பாம்பு இருக்கும் இடத்தைச் சொல்லாமல் விடுவது மங்கலம் ஆகாது.

இத்தனையும் கேட்டபின், எதற்காக இந்தப் பாடு என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். அதற்குத் தத்துவ விடை என்னிடம் இல்லை. கேட்டறிந்த ஒரு செய்தி உண்டு. அந்த வழிநெடுகப் பிரித்தானி நாட்டுச் சிற்றூர்களில், மக்கள் தம் வீட்டு வாசலில் மேசை இட்டு, இரவிலும் விழித்திருந்து, முன்பின் அறியாத பயணிகளுக்குத் தண்ணீரும் காப்பியும் தோசை போன்ற மெல்லிய அப்பமும் தருகிறார்கள். விலை வாங்குவதில்லை. ஊர் திரும்பியதும் ஓர் அஞ்சலட்டை அனுப்புங்கள் என்று கேட்பவர் உண்டு. நெய்தலில் மீனும் முல்லையில் புளிச்சோறும் மருதத்தில் வெண்சோறும் பெற்றுச் சென்ற பாணனின் வழி, மண்ணுலகில் எங்கோ ஓரிடத்தில் இன்னும் திறந்திருக்கிறது. அதில் பெருவிரைவில் செல்பவர் அந்த மேசைகளைக் காணாமலே போய்விடக்கூடும். அளவறிந்து செல்பவருக்கு நின்று நன்றி சொல்ல நேரம் இருக்கும்.

தம்பி, உங்கள் முன் இன்னும் பல மாதங்கள் உள்ளன. வரும் ஞாயிறு 90 கிலோமீட்டர் போதும், 100 வேண்டாம். தகுதித் தொடரின் முதல் 200ஐ நாம் இருவரும் சேர்ந்தே செல்வோம். பிரெஸ்ட் சென்று மீண்டு வந்து, இதே அவையில், நான் காணாத வழியை எங்களுக்குச் சொல்லுங்கள். அன்று ஆற்றுப்படுத்துபவர் நீங்களாகவும் கேட்பவன் நானாகவும் இருக்க வேண்டும் என்பதே என் விழைவு.